கேன்சர் இல்லாத கட்டி: மூளையிலும் தண்டுவடத்திலும் அந்தச் சொல்லின் பொருள்

மூளையிலோ முதுகுத் தண்டுவடத்திலோ கட்டி இருப்பதாக ஸ்கேன் காட்டியதும் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கேன்சரா டாக்டர்?" "இல்லை, சாதாக் கட்டிதான்" என்ற பதில் வந்ததும் அறையில் இருக்கும் எல்லோருக்கும் போன மூச்சு திரும்புகிறது. அந்த நிம்மதி நியாயமானது. ஆனால் அந்தப் பதில் கட்டியின் செல்களைப் பற்றியது. கட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. முதுகுத் தோலுக்கடியில் எலுமிச்சை அளவில் இருக்கும் கொழுப்புக் கட்டியோடு ஒருவர் முப்பது ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழலாம். அதே அளவில் ஒரு கட்டி மூளைத்தண்டை ஒட்டி வளர்ந்தால் நடை, விழுங்குதல், மூச்சு எல்லாமே ஆபத்துக்குள்ளாகும். இதற்கு நேர் எதிரான உண்மையும் உண்டு. தலைக்குள் இருக்கும் கட்டிகளிலும் ரத்தநாள மாறுபாடுகளிலும் பல, கண்டுபிடிக்கப்படாமலேயே ஒருவரோடு வாழ்ந்து, அவரோடு முடிந்துவிடுகின்றன. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் தேவையற்ற அச்சமும் தவறான அலட்சியமும் மாறி மாறி நம்மை ஆட்டிவைக்கும்.

'தீங்கற்ற கட்டி' என்று மருத்துவம் சொல்லும்போது மூன்று குணங்களைக் குறிக்கிறது: செல்கள் மெதுவாகப் பெருகும், பக்கத்துத் திசுவைத் துளைத்துப் பரவாமல் பெரும்பாலும் தள்ளிக்கொண்டே வளரும், உடலின் வேறு பகுதிகளுக்குப் போய்க் குடியேறாது. உலக சுகாதார நிறுவனம் மூளை, தண்டுவடக் கட்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. 2021-இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் செல்லின் தோற்றத்தோடு மரபணு மாற்றங்களும் இந்தத் தரத்தைத் தீர்மானிக்கின்றன. முதல் தரத்தில் உள்ளவையே பொதுவாகச் சாதாக் கட்டிகள். அமெரிக்கப் பதிவேடுகளின்படி, மூளையிலும் தண்டுவடத்திலும் அவற்றின் உறைகளிலும் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு புற்று அல்லாதவை. 'பிரெயின் டியூமர்' என்றாலே மரணம் என்று பழகிப்போன நம் மனத்துக்கு இந்த விகிதம் முதலில் சேர வேண்டும்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது மண்டையோட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. அதற்குள் சுமார் 1,400 கிராம் மூளை, ஏறத்தாழ 150 மில்லி மூளைத் தண்டுவட நீர், அதே அளவில் ரத்தம் ஆகிய மூன்றும் நெருக்கியடித்து இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். இந்தக் கணக்கை 1783-இல் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் மன்றோவும் 1824-இல் அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லியும் எழுதிவைத்தார்கள். இன்றும் தலைக்காயப் பிரிவில் ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். கட்டி மெதுவாக வளர்ந்தால் நீரும் சிரை ரத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக இடம்விட்டு ஒதுங்கும். மூளையும் நசுங்கியபடியே வேலை செய்யப் பழகிக்கொள்ளும். அதனால்தான் நெற்றிப் பகுதியில் ஆரஞ்சுப் பழ அளவுக்கு வளர்ந்த கட்டியோடும் சிலர் தலைவலியே இல்லாமல் வருகிறார்கள். குணம் மாறியதை, முன்பு இருந்த சுறுசுறுப்பு போய்விட்டதை, வீட்டார்தான் கவனித்திருப்பார்கள். ஒதுங்க இடம் தீர்ந்த பிறகு நிலைமை திடீரென்று மாறும். அப்போது காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை சில வாரங்களுக்குள் வந்துவிடும்.

இதற்கு மறுமுனையில் 'கொலாய்டு சிஸ்ட்' என்ற சிறு நீர்க்கட்டி இருக்கிறது. ஒரு திராட்சை அளவே இருக்கும் இது மூளையின் மூன்றாம் அறையின் கூரையில், நீர் வடியும் சின்னஞ்சிறு வாயிலின் மேல் தொங்குகிறது. மூளை நாள்தோறும் சுமார் 500 மில்லி நீரைச் சுரக்கிறது. வாயில் அடைபட்டால் அந்த நீர் போக வழியில்லாமல் தேங்கி, சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடும். செல்லைப் பார்த்தால் இதைவிடச் சாதுவான கட்டி இருக்க முடியாது.

மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமாதான் இந்தக் குடும்பத்தில் மிகுதியாகக் காணப்படுவது. மூளையைச் சுற்றியுள்ள சிலந்திவலை போன்ற நடு உறையின் செல்களிலிருந்து இது முளைக்கிறது. 1922-இல் இதற்குப் பெயர் சூட்டியவர் நவீன நரம்பியல் அறுவையின் தந்தை என்று போற்றப்படும் ஹார்வி குஷிங். அவருடைய நோயாளிகளில் ஒருவரின் வரலாறு இந்தக் கட்டியின் குணத்தை எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகச் சொல்லும். லெனர்ட் வுட் அமெரிக்க ராணுவத் தளபதி. தாமே மருத்துவம் படித்தவர். 1898-க்குப் பின் கியூபாவில் பணியில் இருந்தபோது மேலே தொங்கிய விளக்கில் தலை மோதிக்கொண்டார். அதன்பின் சில ஆண்டுகளில் அவருடைய இடது காலில் துடிப்பும் வலிப்பும் தொடங்கின. 1905-இல் ஓர் அறுவை நடந்தது, பலனில்லை. 1910-இல் பால்டிமோரில் குஷிங் இரண்டு கட்டமாக மண்டையைத் திறந்து, மூளையின் நடுக்கோட்டை ஒட்டி வளர்ந்திருந்த கட்டியை எடுத்தார். வுட் எழுந்து நடந்தார். அதே ஆண்டில் ராணுவத்தின் தலைமைத் தளபதியானார். 1920-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்டார். 1921 முதல் பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். ஆனால் மெனிஞ்சியோமாவின் வேர்த்தடம் உறையில் மீதமிருந்தால் அது மீண்டும் வரும். இடது பக்கம் மெல்ல மெல்லச் செயலிழந்தது, பார்வையும் குறைந்தது. 1927 ஆகஸ்ட்டில் பாஸ்டனில் குஷிங்கே மறுபடி அறுவை செய்தார். ரத்தக்கசிவால் வுட் இறந்துபோனார். ஸ்கேன், நுண்ணோக்கி, ரத்த வங்கி எதுவும் இல்லாத காலத்தில் ஓர் அறுவை அவருக்குப் பதினேழு ஆண்டுகளைக் கொடுத்தது என்பதும் உண்மை. சாதாக் கட்டி என்பதால் கதை முடிந்துவிடவில்லை என்பதும் உண்மை.

1957-இல் டொனால்ட் சிம்சன் என்ற அறுவை மருத்துவர், கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையையும் எலும்பையும் எந்த அளவுக்கு நீக்குகிறோமோ அந்த அளவுக்கு மீண்டும் வரும் வாய்ப்பு குறைகிறது என்று காட்டி, ஐந்து படிநிலைகளை வகுத்தார். முழுக்க எடுக்க முடியாத இடங்களும் உண்டு. பெரும் சிரைக்குள் நுழைந்திருந்தாலோ, கண் நரம்பைச் சூழ்ந்திருந்தாலோ, கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுக் கதிர்வீச்சால் அடக்குவதுதான் நல்ல அறுவை. "முழுசா எடுத்தாச்சா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று ஒரு மருத்துவர் பதில் சொன்னால், அவர் தோற்றுவிட்டார் என்று பொருள் கொள்ளக்கூடாது. மெனிஞ்சியோமாவில் பத்தில் எட்டு முதல் தரத்தவை. பெண்களுக்கு ஆண்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. இதற்கு ஹார்மோன் ஒரு காரணம். சைப்ரோட்டெரோன் என்ற மாத்திரையை அதிக அளவில் நெடுங்காலம் எடுத்தவர்களுக்கு இது கூடுதலாக வருவது தெரிந்த பின் ஐரோப்பாவில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தினார்கள். சிறுவயதில் தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் பல பத்தாண்டுகள் கழித்து இது வருகிறது. 1950-களில் இஸ்ரேலில் தலையில் வந்த படை நோய்க்காகக் கதிர்வீச்சு தரப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில் இது தெளிவாயிற்று. வயதானவருக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் சுண்ணாம்பு படிந்த சிறு மெனிஞ்சியோமா தென்பட்டால், பெரும்பாலும் அதைத் தொடாமல் பார்த்துவருவதே சரியான சிகிச்சை.

காது நரம்பில் வரும் ஷ்வானோமாவை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா இடது காதில் போன் பேசுகிறவர். ஒரு கட்டத்தில் போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். கேட்டபோது, "அந்தப் பக்கம் சத்தம் வருது, வார்த்தை புரியல" என்றார். இரண்டு ஆண்டுகள் காதுக்குச் சொட்டு மருந்துதான். வயதானால் காது மந்தமாகத்தான் ஆகும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஆனால் வயது இரண்டு காதையும் சேர்த்துத்தான் மந்தமாக்கும். ஒரே காதில் கேள்திறன் குறைந்து, அதே காதில் விடாத இரைச்சலும் இருந்தால், கேள்திறன் சோதனையும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துத்தான் ஆக வேண்டும். சமநிலை நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களில் முளைக்கும் இந்தக் கட்டி, எலும்புக் குழாய்க்குள் பக்கத்திலேயே ஓடும் செவி நரம்பையும் முக நரம்பையும் நெருக்குகிறது. பெரியம்மாவுக்கு இருந்தது 14 மில்லிமீட்டர். இந்த அளவில் வழிகள் மூன்று: ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவருவது, கதிர் அறுவை, மண்டையைத் திறந்து அறுவை. ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1951-இல் கருத்தாக முன்வைத்து, 1968-இல் ஸ்டாக்ஹோமில் இயந்திரமாக உருவாக்கிய காமா நைஃப், சுமார் 200 கோபால்ட் மூலங்களிலிருந்து வரும் மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கிறது. கத்தி இல்லை, பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். கட்டி மறைந்துவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. வளர்ச்சி நிற்பதுதான் வெற்றி. முதல் ஓராண்டில் அது சற்று வீங்கிக்கூடத் தெரியலாம். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போய் மூளைத்தண்டை அழுத்தும் கட்டிக்கு அறுவையே வழி. இளவயதில் இரண்டு காது நரம்பிலும் இந்தக் கட்டி இருந்தால் அது பரம்பரை நோய். இருபத்திரண்டாம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது.

பிட்யூட்டரிக் கட்டியைப் பற்றி ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும்: அதில் ஒரு வகைக்குக் கத்தியே தேவையில்லை. மூக்கின் பின்புறம், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு நேர்கீழே இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி அது. அங்கே புரொலாக்டின் சுரக்கும் கட்டி வந்தால் பெண்களுக்கு மாதவிலக்கு நின்று, பிள்ளை பெறாமலே பால் கசியும். ஆண்களுக்கு நாட்டம் குறையும். வாரம் இருமுறை எடுக்கும் கேபர்கோலின் மாத்திரையிலேயே இந்தக் கட்டி பெரும்பாலோருக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே ரத்தத்தில் புரொலாக்டின் அளவைப் பார்க்காமல் பிட்யூட்டரி அறுவைக்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளக்கூடாது. வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டியில் மோதிரம் இறுகும், செருப்பு அளவு கூடும், தாடை நீளும்; பத்தாண்டுப் பழைய புகைப்படத்தை எடுத்து வைத்தால்தான் மாற்றம் கண்ணுக்குப் படும். எதையும் சுரக்காத கட்டி பெரிதாகும்போது இரு கண்களின் வெளிப்பக்கப் பார்வை போய்விடும். நேரே பார்த்தால் தெளிவாகத் தெரிவதால் கண்ணாடி மாற்றியே காலம் கழியும். பக்கவாட்டில் வரும் வண்டியில் இடித்துக்கொண்ட பிறகு உண்மை வெளிப்படும். இவற்றுக்கு மூக்கு வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி அறுவை செய்கிறார்கள்.

இதன் அருகிலேயே குழந்தைகளுக்கும் நடுவயது கடந்தவர்களுக்கும் வரும் கிரேனியோஃபாரின்ஜியோமா, முதல் தரக் கட்டி என்ற பெயரைத் தாங்கிக்கொண்டே பசி, தாகம், தூக்கம், வளர்ச்சி எல்லாவற்றையும் ஆளும் ஹைப்போதலாமஸோடு ஒட்டிக்கொள்கிறது. உயிர் பிழைத்த குழந்தைகள் பலர் வாழ்நாள் முழுதும் ஹார்மோன் மருந்துகளோடும் அடங்காத பசியோடும் போராடுகிறார்கள். இந்தப் பெற்றோரிடம் போய் 'சாதாக் கட்டி' என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சிறுமூளையில் குழந்தைகளுக்கு வரும் பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா நேர்மாறானது. முழுக்க எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு குணம்.

நம் நாட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்கேனில் கட்டிபோல் தெரிவதெல்லாம் கட்டி அல்ல. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். அடுத்த ஆண்டே பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கினார். அந்தத் தலைமுறை மண்டையைத் திறந்தபோது கண்ட 'கட்டி'களில் கணிசமானவை காசநோய் முடிச்சுகள். பின்னாளில் சி.டி. ஸ்கேன் வந்தபோது, வலிப்போடு வரும் இளைஞர்களின் மூளையில் ஒற்றைச் சிறு வளையம் தெரிந்தது. அது பெரும்பாலும் நாடாப்புழுவின் இளநிலைக் கூடு என்பதையும், 20 மில்லிமீட்டருக்கு மிகாமல், மூளையை ஒருபுறம் தள்ளாமல் இருந்தால் திறந்து பார்க்காமலே மருந்தோடு காத்திருக்கலாம் என்பதையும் உறுதிப்படுத்தியதில் வேலூரின் வேதாந்தம் ராஜசேகரும் அவருடைய குழுவினரும் செய்த பணிக்குப் பெரும்பங்கு உண்டு. எத்தனையோ மண்டைகள் திறக்கப்படாமல் தப்பின.

தண்டுவடத்துக்கு வருவோம். பெரியவர்களின் தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்டது. அதைச் சுற்றியுள்ள எலும்புக் கால்வாயில் கட்டிக்கு ஒதுங்க இடம் மிகக் குறைவு. இங்கே வரும் மெனிஞ்சியோமாவும் ஷ்வானோமாவும் தண்டுவடத்துக்கு வெளியே, உறைக்கு உள்ளே உட்கார்ந்து பக்கத்திலிருந்து அழுத்துகின்றன. 1887 ஜூனில் லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். 42 வயது ராணுவ கேப்டன் ஒருவர் மூன்று ஆண்டுகளாகத் தோள்பட்டைக்குக் கீழே தாங்க முடியாத வலியோடு பல மருத்துவர்களைப் பார்த்து, கடைசியில் இரண்டு கால்களும் செயலிழந்து, சிறுநீர் கழிக்க முடியாமல் வந்து சேர்ந்தார். நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், எக்ஸ்ரே கூட இல்லாத காலத்தில், உணர்வு மரத்த எல்லைக்கோட்டை மட்டும் வைத்துக் கட்டி எங்கே இருக்க வேண்டும் என்று குறித்துக்கொடுத்தார். விக்டர் ஹார்ஸ்லி எலும்பைத் திறந்தபோது அங்கே எதுவும் இல்லை. இன்னும் மேலே போய் எலும்பை நீக்கிய பிறகுதான் பாதாம் கொட்டை போன்ற ஒரு கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. அதை எடுத்தார். அந்தக் கேப்டன் மீண்டும் நடந்தார். பின்னர் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வேலை செய்வதாக எழுதினார். தண்டுவடக் கட்டி அகற்றப்பட்ட முதல் வெற்றிகரமான அறுவை அது.

'இன்னும் மேலே' என்ற அந்தச் சொல் இன்றும் பொருந்துகிறது. தண்டுவடம் இடுப்பு வரை நீள்வதில்லை. முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. கால் விறைத்து, நடை தடுமாறி வருபவருக்கு இடுப்புப் பகுதி மட்டும் ஸ்கேன் எடுத்தால், ஐம்பது வயதைக் கடந்த பெரும்பாலோருக்கும் இருக்கும் டிஸ்க் பிதுக்கம் அதில் தெரியும். பழியை அதன்மேல் போட்டு இடுப்பு பெல்ட்டும் பிசியோதெரபியும் தொடங்கிவிடுவார்கள். நெஞ்சுப் பகுதியில் இருக்கும் மெனிஞ்சியோமா யார் கண்ணிலும் படாமல் வளரும். கால் தொளதொளத்துப் போகாமல் விறைப்பாக இருந்தால் கோளாறு இடுப்புக்கு மேலே என்று நரம்பியல் பாடம் சொல்கிறது. படுத்தால் கூடி, எழுந்து உட்கார்ந்தால் குறையும் முதுகுவலி. நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டியது போன்ற இறுக்கம். செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்துபோவது. முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுவது: கவனமான மருத்துவர் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். தண்டுவடத்துக்குள்ளேயே வளரும் எபெண்டைமோமா போன்றவற்றின் அறுவை இதைவிட நுட்பமானது; நுண்ணோக்கியின் கீழ், நரம்புச் சமிக்ஞைகளை நொடிக்கு நொடி கண்காணித்தபடி செய்யப்படுகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. அறுவைக்கு முன் நடந்துகொண்டிருந்தவர் பெரும்பாலும் நடப்பார். நெடுநாள் படுத்தவர் எழுவது அரிது.

ஸ்கேன் அறிக்கையில் 'முள்ளெலும்பு ஹீமாஞ்சியோமா' என்று ஒரு வரி இருந்தால் பதற வேண்டாம். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கும் இது, எலும்புக்குள் உள்ள ரத்தநாளக் கொத்து. மிகச் சிலரைத் தவிர யாருக்கும் எதுவும் செய்வதில்லை.

ரத்தநாளக் கோளாறுகள் கட்டி அல்ல. ஆனால் அறுவை அரங்கும் மருத்துவரும் ஒன்றே என்பதால் இவை சேர்த்தே பேசப்படுகின்றன. கட்டி அழுத்தும், ரத்தநாளம் வெடிக்கும் அல்லது கசியும். இதில் காலம் ஆண்டுக்கணக்கிலிருந்து நொடிக்கணக்குக்கு இறங்குகிறது. மூளையின் அடியில் தமனிகள் வளையமாக இணைந்து கிளைபிரியும் இடங்களில் சுவர் மெலிந்து சிறு பழம்போல் புடைப்பதே அன்யூரிசம். வயது வந்தோரில் நூற்றுக்குச் சுமார் மூவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. வெடித்தால், தலையில் இடி விழுந்ததுபோல், ஒரே கணத்தில் உச்சத்தை எட்டும் தலைவலி வரும். வாழ்நாளில் இதுபோல் ஒன்று வந்ததில்லை என்று நோயாளியே சொல்வார். அத்தகைய தலைவலிக்கு மாத்திரை போட்டுவிட்டுப் படுப்பது உயிரோடு விளையாடுவது. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் கசிந்த ரத்தத்தை ஏறக்குறையத் தவறாமல் காட்டிவிடும். நேரம் கடந்தால் முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வெடித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துவிடுகிறார். ஒரு கண்ணிமை திடீரென்று இறங்கி, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்திருந்தால் அதுவும் அவசரம். வெடிக்கப்போகும் அன்யூரிசம் பக்கத்து நரம்பை அழுத்துவதன் அடையாளமாக இருக்கலாம். 1937-இல் வால்டர் டேண்டி முதன்முதலாக அன்யூரிசத்தின் கழுத்தில் கிளிப் போட்டதும் அப்படி இமை இறங்கி வந்த நோயாளிக்குத்தான்.

1990-இல் கூலியல்மி என்ற மருத்துவர் கலிஃபோர்னியாவில் தொடை வழியாகக் குழாய் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச்சுருளை நிரப்பி அடைத்தார். 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த ஆஞ்சியோகிராம் இல்லாமல் அது நடந்திருக்காது. 2002-இல் வெளியான, 2,143 நோயாளிகளைக் கொண்ட சர்வதேச ஆய்வில், வெடித்த அன்யூரிசத்துக்குக் கிளிப் போட்டவர்களில் 30.6 விழுக்காட்டினர் ஓராண்டில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தார்கள். சுருள் வைத்தவர்களில் 23.7 விழுக்காடு. எந்த அன்யூரிசத்துக்கு எது பொருந்தும் என்பது அதன் கழுத்தின் அகலத்தையும் இடத்தையும் பொறுத்தது. வெடிக்காத சிறு அன்யூரிசத்தில் புகையை நிறுத்துவதும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் பல நேரம் அறுவையைவிடப் பெரிய சிகிச்சை. பெற்றோர், உடன்பிறந்தோரில் இருவருக்கு இருந்தாலோ, பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய் இருந்தாலோ முன்கூட்டியே ஸ்கேன் எடுப்பது பொருளுள்ளது.

ஏ.வி.எம். எனப்படும் தமனி–சிரைப் பின்னல் வேறு வகை. தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்க வேண்டிய நுண்குழாய் வலை இல்லாததால், தமனியின் வேகத்தோடு ரத்தம் நேரே சிரைக்குள் பாய்கிறது. இளவயதில் வலிப்பாகவோ ரத்தக்கசிவாகவோ வெளிப்படும். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்குக் கசியும். இங்கே சிகிச்சையே ஆபத்தாகலாம் என்பதை 2014-இல் வெளியான அருபா ஆய்வு காட்டியது. இதுவரை கசியாத ஏ.வி.எம். உள்ள 223 பேரைப் பிரித்து, சுமார் 33 மாதங்கள் பின்தொடர்ந்தபோது, மருந்தோடு விட்டவர்களில் 10.1 விழுக்காட்டினருக்கும், அடைத்தோ அறுத்தோ கதிர் கொடுத்தோ சிகிச்சை பெற்றவர்களில் 30.7 விழுக்காட்டினருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. மூன்றாண்டுகூட நிறையாத ஓர் ஆய்வை வைத்து, முன்னே ஐம்பது ஆண்டு வாழ்க்கை இருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு முடிவு சொல்லலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்த விவாதத்தில் இரு பக்கமும் நேர்மை இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அளவு, இடம், ரத்தம் வடியும் ஆழம் ஆகிய மூன்றையும் கூட்டித் தரம் சொல்லும் 1986-ஆம் ஆண்டு அளவுகோலில் உங்கள் ஏ.வி.எம். எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு சரியான இடத்தில் தொடங்கும்.

கேவர்னோமா என்ற ரத்தநாள முடிச்சு இருநூறில் ஒருவருக்கு இருக்கும். மல்பெரிப் பழம்போல் கொத்தாக, மெதுவான ஓட்டத்தோடு இருப்பதால் ஆஞ்சியோகிராமில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். மூளைத்தண்டில் இருந்து திரும்பத் திரும்பக் கசிந்தாலோ, அடங்காத வலிப்பைத் தந்தாலோதான் கத்தி. அதன் அருகில் அடிக்கடி தெரியும் டி.வி.ஏ. என்ற சிரை மாறுபாட்டுக்கு எதுவுமே செய்யக்கூடாது. மூளை தன் ரத்தத்தை வடிக்கச் சற்று வேறுமாதிரி அமைத்துக்கொண்ட வாய்க்கால் அது. அதைத் தூர்த்தால் வயல் கெடும்.

இவற்றில் நான் மிகவும் அஞ்சுவது தண்டுவட உறையில் தமனியும் சிரையும் தவறாக இணைந்துவிடுவதைத்தான். பெரும்பாலும் ஐம்பது தாண்டிய ஆண்கள். சிறிது தூரம் நடந்தால் கால் கனத்துப்போகும், உட்கார்ந்தால் தேறும். பிறகு சிறுநீர் கட்டுப்பாடு குறையும். நரம்பு வேருக்கருகில் ஒரு சிறு தமனி தவறான சிரையில் திறந்துகொண்டதால், தண்டுவடத்தின் சிரைகளில் அழுத்தம் ஏறி அது நீர்கோத்து வீங்குகிறது. மறுபடியும் டிஸ்க் மீதே பழி விழுகிறது. தண்டுவட வீக்கம் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிலருக்கு அன்றிரவே நடை போய்விடும். எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தின் முதுகுப்புறம் புழு நெளிந்ததுபோல் கருங்கோடுகள் தெரிகின்றனவா என்று தேடத் தெரிந்த கண் வேண்டும். கண்டுபிடித்துவிட்டால், அந்த ஒற்றைச் சிரையைத் துண்டிப்பதோ பசை செலுத்தி அடைப்பதோ போதும்.

எதிர்பாராமல் தெரிய வருவனவற்றின் அளவையும் அறிந்துகொள்வது நல்லது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில், 45 வயதுக்கு மேற்பட்ட 2,000 பொதுமக்களுக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007-இல் வெளியிட்டார்கள்; எந்த அறிகுறியும் இல்லாத அவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கு அன்யூரிசமும் 1.6 விழுக்காட்டினருக்குச் சாதாக் கட்டியும் இருந்தன. மயக்கத்துக்கும் தலைவலிக்கும் ஸ்கேன் எடுப்பது பெருகப் பெருக, இப்படித் தெரிய வந்தவர்களும் பெருகுவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது ஒழுங்கான பின்தொடர்தல்.

அந்தப் பின்தொடர்தலில் எங்கள் வீட்டில் நடந்ததோடு முடிக்கிறேன். பெரியம்மா ஒவ்வோர் ஆண்டும் ஸ்கேன் எடுத்தார். அறிக்கையில் ஒவ்வொரு முறையும் 'முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடுகையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை' என்றே வந்தது. ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு அளக்கும் பிழைக்குள் அடங்கிவிடும். நான்காம் ஆண்டு வேறொரு மருத்துவர், "முதன்முதலில் எடுத்த ஸ்கேனோட சி.டி. டிஸ்க் இருக்கா?" என்று கேட்டார். பீரோவில் புடவைகளுக்கு அடியில் பழைய உறையோடு பத்திரமாக இருந்தது. முதலாவதையும் கடைசியையும் கணினித் திரையில் அருகருகே வைத்தார். 14 மில்லிமீட்டராக இருந்தது 18 ஆகியிருந்தது. அடுத்த மாதம் கதிர் அறுவை நடந்தது. இடது காது திரும்பவில்லை. கட்டி அதற்குப் பிறகு வளரவும் இல்லை. இப்போது புதிய ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் அந்த முதல் உறையையும் கைப்பையில் எடுத்துக்கொண்டுதான் போகிறார்.